வாணலியில் வறுக்கும் ஆட்டுச் சாப்ஸும் தழை வெண்ணெயும்: அறிகுறியைப் பார்த்துப் பிழை திருத்தும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழர் வீடுகள் பலவற்றில் மாட்டிறைச்சி அடுப்பேறுவதில்லை. உணவகத்தில் ஸ்டேக் என்ற பெயரில் தட்டுக்கு வரும் பண்டத்தை வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள், ஆட்டின் இடுப்புப் பகுதியில் அறுத்த லொயின் சாப்ஸையோ, தொடையைக் குறுக்கே அறுத்த வட்டத் துண்டையோ எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் குறிப்பும் ஆட்டிறைச்சியை வைத்தே எழுதப்பட்டது. மாட்டிறைச்சி சமைப்பவர்களுக்கும், ஆட்டுக் கொழுப்பைப் பற்றிய பகுதிகள் நீங்கலாக, மற்றவை பொருந்தும்.

செய்முறை சில வரிகளில் அடங்கிவிடும். 2.5 முதல் 3 சென்டிமீட்டர் வரை தடிப்புள்ள துண்டுகளை ஈரம் போகத் துடைத்து, உப்பிட்டு, நன்றாகக் காய்ந்த கனமான வாணலியில் ஒரு தேக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய் விட்டு, முதலில் கொழுப்பு விளிம்பையும் பிறகு இரு பக்கங்களையும் சிவக்க வறுக்க வேண்டும். கடைசி ஒரு நிமிடத்தில் அடுப்பைத் தணித்து, வெண்ணெயும் நசுக்கிய பூண்டும் தைம் என்னும் மணத்தழைக் கொத்தும் போட்டு, உருகிய வெண்ணெயைக் கரண்டியால் அள்ளி அள்ளித் துண்டின் மேல் ஊற்ற வேண்டும். இறக்கி 5 நிமிடம் விட்டுவைத்து, மேலே ஒரு வில்லை தழை வெண்ணெய் வைத்துப் பரிமாறலாம். தழை வெண்ணெய் என்று நான் சொல்வது, 100 கிராம் வெண்ணெயில் பொடியாக அரிந்த பார்ஸ்லி, கொத்தமல்லி, தைம், ஒரு பல் பூண்டு, துருவிய எலுமிச்சைத் தோல், சிறிது உப்பு ஆகியவற்றைப் பிசைந்து, உருட்டிக் குளிரவைத்ததை.

இவ்வளவு எளிய சமையல் ஏன் இத்தனை வீடுகளில் கெடுகிறது என்று கேட்டால், என் அனுபவத்தில் விடை ஒன்றுதான்: நம் கை குழம்புக்குப் பழகிய கை. கறியைக் கழுவி ஈரத்தோடு சட்டியில் போடுவது, முதல் நாளே மசாலா பிசைந்து வைப்பது, மூடி போட்டு வேகவிடுவது, சட்டி நிறையப் போட்டுக் கிளறுவது ஆகிய, குழம்புக்கு நல்ல பழக்கங்கள் எல்லாம் இங்கே பகையாகிவிடுகின்றன. கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் வாணலியில் தெரிவது எதுவோ, அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

துண்டு சிவக்கவில்லை; சாம்பல் நிறத்தில் தண்ணீருக்குள் கிடக்கிறது

அதிகம் காணும் பிழை இது. இதைக் கண்ணைவிடக் காது முன்னதாகக் கண்டுபிடித்துவிடும். துண்டை வைத்தவுடன் எழும் ‘சொய்’ என்ற கூரிய ஓசை வறுவல் முடியும்வரை நீடிக்க வேண்டும். அரை நிமிடத்தில் அது மழுங்கி, ரசம் கொதிப்பதுபோல் ‘களக் களக்’ என்று மாறினால், துண்டின் அடியில் தண்ணீர் கட்டிவிட்டது என்று பொருள். தண்ணீர் இருக்கும்வரை இறைச்சியின் மேற்பரப்பு 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. சிவந்த நிறமும் வறுவல் மணமும் தோன்றவோ ஏறத்தாழ 140 பாகை வேண்டும். ஒரு கரண்டி குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான வெப்பம், கொதித்த அதே நீரை ஆவியாக்கச் செலவாகிறது. வாணலியில் சேர்த்துவைத்த சூட்டையெல்லாம் அந்த ஈரம் தின்றுவிடுகிறது.

ஈரம் எங்கிருந்து வந்தது என்பதை வரிசையாகப் பாருங்கள். முதற்குற்றவாளி கழுவுவதுதான். கசாப்புக் கடையில் அறுவை இயந்திரத்தில் அறுத்த சாப்ஸில் எலும்புத் தூள் வெண்பசையாக ஒட்டியிருப்பதால் கழுவத் தோன்றுவது இயல்பு. கத்தியின் முதுகால் அதை வழித்தெடுத்து, ஈரத் தாளால் ஒருமுறை ஒற்றி, உலர்ந்த தாளால் இருமுறை துடைத்தால் போதும். துடைத்த தாள் விரலில் ஒட்டாமல் உலர்ந்தே இருக்குமானால் துண்டு தயார்.

அடுத்தது உறைந்த இறைச்சி. செப்டம்பர் 24ஆம் நாள், ஹெரிடேஜ் டே என்னும் பொது விடுமுறையன்று, நாடு முழுவதும் பிராய் (திறந்த தணலில் இறைச்சி சுடும்) அடுப்பு மூட்டும்போது நம் வீடுகளில் புரட்டாசி விரதம் நடந்துகொண்டிருக்கும். அந்த வாரத்தில் மலிவாகக் கிடைக்கும் சாப்ஸ் பொதிகளை வாங்கி ஃப்ரீசரில் அடைத்து, விரதம் முடிந்த முதல் ஞாயிறன்று அவசர அவசரமாக வெந்நீரில் போட்டு உருக்குகிற வீடுகளை எனக்குத் தெரியும். எங்கள் வீடும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. உறையும்போது உண்டான பனிக்கட்டித் துகள்கள் தசையிழைகளைக் கிழித்திருப்பதால், அத்தகைய இறைச்சி உருகும்போது நிறைய நீர் விடும். முதல் நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து 24 மணி நேரம் உருகவிட்டு, கம்பித் தட்டின் மேல் மூடாமல் இன்னும் சில மணி நேரம் வைத்தால் மேற்பரப்பு காய்ந்து, தொட்டால் தாள்போல் இருக்கும்.

மூன்றாவது உப்பிடும் நேரம். உப்புப் பட்டவுடன் இறைச்சி நீரை வெளியே விடுகிறது. முக்கால் மணி நேரம் பொறுத்தால் அந்த உப்புநீரின் பெரும்பகுதியைத் திரும்பவும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே 45 நிமிடத்துக்கு முன்பாக உப்பிடுங்கள், அல்லது வாணலியில் வைக்கும் நொடியில் இடுங்கள். இடைப்பட்ட 10, 15 நிமிடம்தான் மிக மோசமான நேரம். அளவு, அரை கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி.

கடைசியாக வாணலி. பழைய வாடகை வீடுகளில் உள்ள கனத்த இரும்புத்தட்டு மின்னடுப்பு மெதுவாகத்தான் சூடேறும். வார்ப்பிரும்பு வாணலியை அதன்மேல் வைத்து 6, 7 நிமிடம் காத்திருக்க வேண்டும். தண்ணீர்த் துளி தெளித்தால் ‘சுர்’ரென்று உடனே மறைய வேண்டும், எவர்சில்வர் வாணலியாக இருந்தால் துளி முத்தாக உருண்டு ஓட வேண்டும். துண்டுகளுக்கு இடையில் விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். ஆறு துண்டுகளை இருமுறையாக வறுப்பது ஒரேமுறையில் அவிப்பதைவிட விரைவாகவே முடியும்.

இன்றைக்கே மீட்க வேண்டுமானால், துண்டுகளை எடுத்துத் தட்டில் வைத்து, வாணலியிலுள்ள நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, துண்டுகளையும் வாணலியையும் துடைத்து, வாணலியை மறுபடி புகை தொடங்கும்வரை காயவைத்து, பக்கத்துக்கு ஒரு நிமிடம் மட்டும் வறுங்கள். உள்ளே ஏற்கெனவே வெந்திருக்கும் என்பதால் அதற்குமேல் ஆசைப்படக் கூடாது.

வெளியே கருகிவிட்டது, உள்ளே பச்சையாக இருக்கிறது

வெட்டிப் பார்த்து, கருமை இறைச்சியினுடையதா மசாலாவினுடையதா என்று முதலில் தீர்மானியுங்கள். கத்தி முனையால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்து வருவது மசாலா.

முதன்முறை நான் செய்தபோது, குழம்புக்குச் செய்வதுபோல இஞ்சி பூண்டு விழுதும் மிளகாய்த் தூளும் தயிரும் பிசைந்து இரவெல்லாம் ஊறவைத்தேன். காய்ந்த வாணலியில் வைத்த இரண்டாவது நிமிடமே விழுது கரியாகி, துண்டிலிருந்து பிரிந்து, வாணலியில் கறுப்புத் தகடாக ஒட்டிக்கொண்டது. துண்டு அதன்மேல் மிதந்து, ஒரு பக்கம்கூடச் சிவக்கவில்லை. குழம்பில் நீர் இருப்பதால் மசாலா 100 பாகைக்கு மேல் போகாமல் தப்பிக்கிறது. இங்கே 200 பாகைக்கு மேல் காய்ந்த இரும்பில் மிளகாய்த் தூளும் பூண்டும் சர்க்கரையும் தப்ப வழியே இல்லை. கடைகளில் ஸ்டேக் அண்ட் சாப்ஸ் என்று விற்கும் தூளுக்கும் இது பொருந்தும். புட்டியின் பின்பக்கத்தில் உப்புக்கும் சர்க்கரைக்கும் வரிசையில் எத்தனையாவது இடம் என்று படித்துவிட்டு, அதைத் தூவத்தான் வேண்டுமென்றால் வறுத்து இறக்கிய பிறகு தூவுங்கள். நம் நாக்குக்குக் காரம் இல்லாமல் இறங்காது என்பது உண்மை. அதைத் தழை வெண்ணெயில் ஒரு பச்சை மிளகாயாக அரிந்து சேர்ப்பதே என் வழக்கம்.

கருமை இறைச்சியினுடையதாக இருந்தால், தடித்த துண்டுக்கு அனல் மிகுதி. இரு பக்கமும் சிவந்தவுடன் அனலைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு நிமிடமும் புரட்டிக்கொண்டே இருங்கள். ஒருமுறைதான் புரட்ட வேண்டும் என்று சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. அடிக்கடி புரட்டினால் இரு பக்கச் சூடும் சமமாக உள்ளே இறங்குகிறது. அவன் (oven) என்னும் சூட்டடுப்பு இருந்தால், சிவந்த துண்டை வாணலியோடு 180 பாகையில் 4, 5 நிமிடம் வைப்பது இன்னும் எளிது.

துண்டு கிண்ணம்போல் குவிந்துகொள்கிறது

கொழுப்புக்கும் சதைக்கும் இடையில் உள்ள வெண்சவ்வு, சூட்டில் சதையைவிட வேகமாகச் சுருங்குகிறது. விளிம்பில் இரண்டு விரல்கடைக்கு ஒரு கீறல், சவ்வு அறுபடும் ஆழத்துக்கு மட்டும் போட்டால் தீர்ந்தது. ஏற்கெனவே குவிந்துவிட்டால் கரண்டியால் நடுவில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

கொழுப்பு வெள்ளையாக, ரப்பர்போல் இருக்கிறது

துண்டுகளைப் படுக்கவைத்தே வறுத்திருக்கிறீர்கள். மூன்று நான்கு துண்டுகளைப் புத்தகங்கள்போல் சேர்த்துப் பிடித்து, கொழுப்பு விளிம்பு கீழே படும்படி இடுக்கியால் நிறுத்தி, நடுத்தர அனலில் 4 நிமிடம் வைத்தால் கொழுப்பு உருகி வழிந்து, விளிம்பு அப்பளம்போல் பொரியும். அந்த உருகிய கொழுப்பிலேயே மற்ற இரு பக்கங்களையும் வறுக்கலாம். அதிகமாகச் சேர்ந்தால் ஒரு கிண்ணத்தில் வடித்துவையுங்கள். மறுநாள் உருளைக்கிழங்கு வறுவலுக்கு அதைவிட நல்ல எண்ணெய் கிடையாது.

நிறம் நன்றாக வந்தது. ஆனால் மெல்ல முடியவில்லை

இங்கே பிழை அடுப்படியில் நேர்ந்ததா, கசாப்புக் கடையிலேயே நேர்ந்ததா என்று பிரித்தறிய வேண்டும். தென்னாப்பிரிக்காவில் வகைப்படுத்திய ஆட்டுடலின்மேல் உருளை முத்திரை குத்தியிருப்பார்கள். நிரந்தர முன்பல் ஒன்றும் முளைக்காத குட்டி ஏ வகை. ஒன்றிரண்டு முளைத்தது ஏபி. மூன்று முதல் ஆறு வரை முளைத்தது பி. அதற்கு மேற்பட்டது சி. மையின் நிறமும் வகைக்கு வகை மாறும்: ஏ வகைக்கு ஊதா, ஏபி வகைக்குப் பச்சை, பி வகைக்குப் பழுப்பு, சி வகைக்குச் சிவப்பு. பக்கத்தில் வரும் 0 முதல் 6 வரையிலான எண், கொழுப்பின் அளவைக் குறிப்பது. பொதியில் அடைத்த சாப்ஸின் கொழுப்பு விளிம்பை உற்றுப் பார்த்தால், அறுபட்ட எழுத்தின் கால்துண்டாவது தெரியக்கூடும். அந்த மை உண்ணத் தகுந்ததே. அதைச் சீவியெறிய வேண்டியதில்லை. வாணலிக்கு ஊதா முத்திரைதான் வேண்டும். சிவப்பு முத்திரை கண்டால் மனம் சோராமல் அதைக் குழம்புச் சட்டிக்கு அனுப்புங்கள். முதிர்ந்த ஆட்டின் சுவை ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்புக்குத்தான் பொருத்தம்.

வயதைப்போலவே இடமும் முக்கியம். தோள்பட்டைச் சாப்ஸ் விலை குறைவு. பார்வைக்கும் லொயின் சாப்ஸ்போலவே இருக்கும். ஆனால் நடந்து உழைத்த தசை என்பதால் இணைப்புத் திசு அதிகம். அந்தத் திசு கரைந்து குழைய ஈரமும் மணிக்கணக்கான வேக்காடும் தேவை. பத்து நிமிட வறுவலில் அது இறுகத்தான் செய்யும். நடுவில் டி வடிவ எலும்பும் அதன் இருபுறம் சதையும் இருந்தால் லொயின். எலும்பு பல துண்டுகளாகவும் சதை இடையிடையே சவ்வோடும் இருந்தால் தோள்பட்டை.

கடைக்காரரிடம் தடிப்பைச் சொல்லிக் கேட்பதும் உங்கள் பொறுப்பு. கேட்காவிட்டால் பிராய்க்கு அறுப்பதுபோல் ஒரு சென்டிமீட்டருக்கு அறுத்துத் தந்துவிடுவார்கள். அத்தனை மெல்லிய துண்டு வெளியே சிவப்பதற்குள் உள்ளே முற்றிலும் வெந்துவிடும். 65 பாகையைத் தாண்டத் தாண்டத் தசையிழைகள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து தள்ளும்.

இறைச்சியும் தடிப்பும் சரியாக இருந்தும் இறுகினால், கூடுதலாக வெந்ததே காரணம். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குவது, இந்தக் குறிப்பு முழுவதையும் மனப்பாடம் செய்வதைவிடப் பயனுள்ளது. முனை எலும்பில் படாமல், பக்கவாட்டிலிருந்து சதையின் நடுவுக்குச் செல்ல வேண்டும். நடுவில் சிவப்பாக வேண்டுமானால் 55 முதல் 57 பாகை, இளஞ்சிவப்பாக வேண்டுமானால் 60 முதல் 63 பாகை, சிவப்பே கூடாதென்றால் 70 பாகைக்கு மேல். இறக்கிய பிறகும் சூடு உள்நோக்கி நகர்ந்து 2, 3 பாகை ஏறும் என்பதால், வேண்டிய அளவுக்குச் சற்று முன்பே எடுத்துவிடுங்கள்.

தட்டில் சிவப்பு நீர் ஓடுகிறது. வீட்டில் யாரும் தொடமாட்டேன் என்கிறார்கள்

எங்கள் ஆயா (பாட்டி) தட்டைப் பார்த்துவிட்டு, “இது இன்னும் ரத்தம் ஒழுகுதே, திரும்ப அடுப்புல போடு” என்றார்கள். அது இரத்தமன்று. இரத்தம் அறுக்கும்போதே வடிந்துவிடுகிறது. தட்டில் தெரிவது, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் கலந்த நீர். வெட்டியவுடன் அது குளமாக ஓடுவது, 5 நிமிடம் விட்டுவைக்காமல் அவசரப்பட்டு அறுத்ததன் அடையாளம்.

இருந்தாலும் ஆயாவின் பேச்சை முழுவதும் தள்ளிவிட முடியாது. அறுக்காத முழுத்துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருப்பதால், வெளியே நன்றாக வறுபட்டால் பெரும்பாலோருக்குக் கவலையில்லை. கொத்துக்கறிக்கும், ஊசியால் குத்தி மென்மையாக்கி விற்கும் துண்டுக்கும் இந்தச் சலுகை கிடையாது. கர்ப்பிணிகளுக்குச் சிவப்பே இல்லாமல் வெந்ததைத்தான் கொடுக்க வேண்டும், ஏனெனில் ஆட்டிறைச்சியில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும். முதியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அப்படியே கொடுப்பது நல்லது. ஆயாவின் துண்டைச் சிவக்க வறுத்தபின் 160 பாகை அவனில் வைத்து 70 பாகை தாண்டியதும் எடுத்து, தழை வெண்ணெயை இரட்டிப்பாக வைத்துவிடுவேன். குறை சொல்லாமல் சாப்பிடுகிறார்கள்.

வெண்ணெய் கறுத்துக் கசக்கிறது, அல்லது திரிந்து நிற்கிறது

வெண்ணெயில் ஏறக்குறைய 80 விழுக்காடுதான் கொழுப்பு; மீதியில் பெரும்பகுதி நீர், கொஞ்சம் பால்பொருள். அந்தப் பால்பொருள்தான் முதலில் சிவந்து மணக்கிறது. 150 பாகையைத் தாண்டிச் சற்று நேரத்தில் அதுவேதான் கருகிக் கசக்கிறது. நெய் உருக்கிய எவருக்கும் இது புதிதன்று: அடியில் கசடு பொன்னிறமாகும் அந்தக் கணத்தில் சட்டியை இறக்குவோம். அதே கண்ணோடு இங்கேயும் பாருங்கள். வறுவலை எண்ணெயில் முடித்து, அனலைத் தணித்து, அரை நிமிடம் பொறுத்து, அதன்பின் வெண்ணெயைப் போடுங்கள். நுரை பொங்கும், நுரை அடங்கி முந்திரி வறுபடும் மணம் வந்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள். கறுத்துவிட்டால் மீட்க வழியில்லை. கொட்டிவிட்டு, துடைத்த வாணலியில் புதிதாக ஒரு துண்டு வெண்ணெயை உருக்குங்கள்.

தழை வெண்ணெய் திரிவதற்குப் பெரும்பாலும் எலுமிச்சைச் சாறு காரணம். சாற்றைக் குறைத்துத் தோலைத் துருவிப் போடுங்கள். தழைகளைக் கழுவியபின் துணியில் சுற்றி உலர்த்துங்கள். டர்பன் கோடையில், ஜனவரி மாத நண்பகலில், மேசையில் வைத்த வெண்ணெய் அரை மணியில் எண்ணெயாகிவிடும். உருகிய வெண்ணெயைக் குளிரவைத்தால் மணல்போல் ஆகுமேயொழியப் பழைய பதத்துக்குத் திரும்பாது. விரல் பதியும் பதத்தில் பிசைந்து, மெழுகுத் தாளில் உருட்டி, உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். பச்சைப் பூண்டு சேர்ந்ததால் மூன்று நான்கு நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதற்குமேல் வேண்டுமானால் வில்லைகளாக அரிந்து ஃப்ரீசரில் வையுங்கள்.

சுவை நன்றாக இருக்கிறது. ஆனால் நாக்கில் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது

இது ஆட்டுக் கொழுப்புக்கே உரிய குறை. உடல் வெப்பத்தில் அது முழுவதும் உருகாது. ஆகவே குளிர்ந்த தட்டில் வைத்த சாப்ஸின் கொழுப்பு உண்ணத் தொடங்குமுன்பே உறையத் தொடங்கிவிடுகிறது. தட்டுகளை வெந்நீரில் முக்கித் துடைத்தோ, தணிந்த அவனில் வைத்தோ சூடாக்கிப் பரிமாறுங்கள். உடன் எலுமிச்சைத் துண்டும் கொஞ்சம் வெங்காயச் சம்பலும் வையுங்கள். குளிர்ந்த பானத்தோடு சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் குறை கூடுதலாகத் தெரியும்.

வீடெல்லாம் புகை

எண்ணெய் அதிகம், அல்லது தவறான எண்ணெய். தொடக்கத்திலேயே வெண்ணெயோ வடிகட்டாத ஆலிவ் எண்ணெயோ ஊற்றாதீர்கள். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயைத் துண்டின்மேல் மெல்லப் பூசிவிட்டால் வாணலியில் ஊற்றவே வேண்டாம். சிறிது புகை தவிர்க்க முடியாதது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரே சுவரைப் பகிரும் ஒட்டு வீடுகளில் சுவருக்கு அப்பால் இருப்பவர்கள் சைவ நாள் இருக்கிறார்களா என்று நினைத்துப் பார்த்துச் சன்னலைத் திறப்பது நல்லது.

நடுவில் மின்சாரம் போய்விட்டது

இரும்புத்தட்டு அடுப்பும் வார்ப்பிரும்பு வாணலியும் சில நிமிடம் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். இரு பக்கமும் சிவந்திருந்தால் அந்தச் சூட்டிலேயே புரட்டிப் புரட்டி முடித்துவிடலாம். மூடி மட்டும் போடாதீர்கள், வறுபட்ட மேற்புறம் ஆவியில் ஊறிவிடும். ஒரு பக்கம்கூடச் சிவக்கவில்லையென்றால் எரிவாயு அடுப்புக்கு மாற்றுங்கள். அரைவேக்காட்டு இறைச்சியை மின்சாரம் வரும்வரை அப்படியே வைத்திருக்கக் கூடாது.

மறுநாள் சூடாக்கினால் செருப்புத் தோலாகிறது

மீண்டும் சூடாக்குவது என்பது மீண்டும் வேகவைப்பதுதான். மீந்த துண்டைக் குளிர்ந்த நிலையிலேயே எலும்பு நீக்கி, இழைக்குக் குறுக்காகக் காகிதம்போல் அரிந்துகொள்ளுங்கள். மீந்த தழை வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி அடுப்பை அணைத்தபின், அரிந்ததைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, சூடான ரொட்டியில் சுருட்டினால் போதும்.